இரண்டரை நிமிடக் கணக்கு



அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பெரும்பாலும் புகழ்பெற்ற பேராசிரியர்கள் பெயரிலோ கொடையாளர்கள் பெயரிலோ நடக்கும். இன்றைய சொற்பொழிவு ஓர் ஆய்வக டெமான்ஸ்ட்ரேட்டரின் பெயரில் நடக்கிறது. அவர் வகுப்பெடுத்தவர் அல்லர். கருவியை எடுத்துக் கொடுப்பார், ரீடிங்கைச் சரிபார்ப்பார், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்திடுவார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதையே செய்து ஓய்வு பெற்றார். நான் அவரிடம் படித்தவன். ஆய்வக மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே படித்தவன். ஆகவே அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒன்றையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். பி.எஸ்சி. இயற்பியல் மாணவர் ‘நவீன இயற்பியல்’ என்ற தாளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் அது.

பெயர் நவீனம் என்றாலும் பாடத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1887இல் மைக்கேல்சனும் மார்லியும் செய்த சோதனையில் தொடங்கி, பிளாங்க், ஐன்ஸ்டைன், போர், டி பிராய் என்று நடந்து, 1920களில் குவாண்டம் இயந்திரவியலின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். ஆர்தர் பைசரின் புத்தகத்தைப் படித்தாலும் சரி, நம் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புரட்டும் முருகேசன் புத்தகத்தைப் படித்தாலும் சரி, பாதை ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தத் தாளுக்கு வரும்வரை நமக்குப் ‘புரிந்தது’ என்றால், மனத்தில் ஒரு படம் விழுந்துவிட்டது என்று பொருள். ஊசல் ஆடுவதைப் பார்த்திருக்கிறோம். கிணற்றில் கல் விழுந்தால் வட்டம் வட்டமாக அலை விரிவதைப் பார்த்திருக்கிறோம். லென்ஸில் கதிர் வளைவதைக் கோடு போட்டுக் காட்டிவிடலாம். நவீன இயற்பியலின் முதல் அலகிலேயே அந்தப் படம் கிழிந்துவிடுகிறது. ஒளி அலைதான், ஆனால் கொடுக்கல் வாங்கலில் பொட்டலமாக வரும் என்கிறார்கள். ஓடுகிற கடிகாரம் மெதுவாகப் போகும் என்கிறார்கள். எதையும் கண்ணால் பார்த்த அனுபவம் கிடையாது. இந்த இடத்தில்தான் நல்ல மாணவர்கள்கூட மனம் தளர்ந்து மனப்பாடத்தில் இறங்குகிறார்கள். புரியாததைப் புரிந்ததுபோல் எழுதும் பழக்கம் இங்கே தொடங்கினால் எம்.எஸ்சி. வரைக்கும் கூடவே வருகிறது.

எனக்கும் அதுதான் நேர்ந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவன் நான். வகுப்பில் ஒளிமின் விளைவை நடத்தினார்கள். உலோகத்தின் மேல் ஒளி பட்டால் எலக்ட்ரான் வெளியேறும்; இதை அலைக் கொள்கையால் விளக்க முடியாது; அதற்கு நான்கு காரணங்கள் என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். எழுந்து, “அலையால ஏன் சார் முடியாது?” என்று கேட்டேன். “நாலு பாயிண்டும் எழுதினா முழு மார்க். உட்காரு” என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. போர்ஷன் முடிக்கும் அவசரம் எப்படிப்பட்டது என்று பின்னால் நானும் ஆசிரியராகி அறிந்துகொண்டேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பதில் வலித்தது.

அன்று பிற்பகல் ஆய்வகத்தில் அதே கேள்வியை டெமான்ஸ்ட்ரேட்டரிடம் கேட்டேன். “கணக்குப் போட்டுப் பார்த்தியா தம்பி?” என்றார். எதற்குக் கணக்கு என்று விழித்தேன். ஒரு தாளை எடுத்து அவர் சொன்னதை அப்படியே உங்களுக்குத் தருகிறேன்.

ஒரு வாட் அளவுக்கு ஒளி தரும் விளக்கு ஒன்று. அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு சோடியம் தகடு. ஒளி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவினால், அந்தத் தூரத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 0.08 வாட் விழும். அணுவின் ஆரத்தை 10⁻¹⁰ மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓர் அணுவின் மேல் விழுவது 2.5 × 10⁻²¹ வாட். சோடியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க 2.3 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், அதாவது 3.7 × 10⁻¹⁹ ஜூல். ஒளி அலையாக மட்டும் இருந்தால் இந்த ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர வேண்டும், குழாயடியில் சொட்டுச் சொட்டாகக் குடம் நிறைவதுபோல. தன்மேல் விழுவதையெல்லாம் அணு சிந்தாமல் சிதறாமல் ஒரே எலக்ட்ரானுக்குக் கொடுத்தால்கூட, குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும்? வகுத்துப் பார்த்தேன். 147 வினாடி. ஏறக்குறைய இரண்டரை நிமிடம்.

அவர் ஜன்னல்களைச் சாத்தினார். போட்டோ செல்லுக்கு எதிரே விளக்கைப் போட்டார். கால்வனாமீட்டரின் முள் உடனே அசைந்தது. விளக்கை மூன்று மீட்டர் தள்ளி வைத்தார். கணக்குப்படி இப்போது காத்திருக்க வேண்டிய நேரம் ஒன்பது மடங்கு, 22 நிமிடம். முள் முன்னைவிடக் குறைவாக அசைந்தது. ஆனால் போட்டவுடன் அசைந்தது. “எங்கேப்பா உன் 22 நிமிஷம்?” என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

1928இல் எர்னஸ்ட் லாரன்ஸும் ஜெஸ்ஸி பீம்ஸும் இந்தத் தாமதத்தை நுணுக்கமாக அளந்தார்கள். ஒரு வினாடியின் நூறு கோடியில் மூன்று பங்குக்கும் அது குறைவாகவே இருந்தது. எங்கள் ஆய்வகக் கால்வனாமீட்டருக்கு அந்த நுணுக்கம் கிடையாது. ஆனால் இரண்டரை நிமிடத்துக்கும் ‘உடனே’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட அது போதுமானதாக இருந்தது. நான்கு பாயிண்டுகளில் கிடைக்காத தெளிவு அந்த ஒரு வகுத்தலில் கிடைத்தது. ஒளிமின் விளைவு அன்றைக்குப் ‘புரிந்தது’ என்று சொல்ல மாட்டேன். வேறு வழியில்லை என்று தெரிந்தது. இந்தத் தாளில் புரிதல் என்பதே அப்படித்தான் வருகிறது என்பது என் முடிவு. சாதாரண எண்களைப் போட்டு, பழைய எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டுபோய், அது முட்டி நிற்பதை நாமே பார்க்க வேண்டும்.

இந்த இயற்பியலைக் கண்டுபிடித்தவர்களும் இப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். பாடநூல்கள் 1900, 1905, 1913, 1924 என்று படிக்கட்டுபோல அடுக்கிவிடுகின்றன. படிக்கிறவருக்கு, அந்த மேதைகள் யாருக்கும் ஐயமே வரவில்லை, எனக்கு மட்டும்தான் வருகிறது என்று தோன்றிவிடும். உண்மை நேர்மாறானது. 1900 டிசம்பர் 14 அன்று பெர்லினில் ஜெர்மன் இயற்பியல் கழகத்தில், ஆற்றல் துண்டு துண்டாகத்தான் பரிமாறப்படுகிறது என்ற கணக்கை மேக்ஸ் பிளாங்க் முன்வைத்தார். சூடான பொருள் வீசும் கதிர்களின் அளவீடுகளோடு வேறெந்தக் கணக்கும் ஒத்துப்போகாததால் அந்த முடிவுக்குத் தள்ளப்பட்டார். பிறகு பல ஆண்டுகள், அந்தக் கணக்கில் புகுந்த மாறிலியைப் பழைய இயற்பியலுக்குள் எப்படியாவது பொருத்திவிட முயன்றுகொண்டிருந்தார்.

அவரைவிட எனக்குப் பிடித்தவர் ராபர்ட் மில்லிகன். ஒளியே பொட்டலமாக இருக்கிறது என்று 1905இல் ஐன்ஸ்டைன் எழுதியதை மில்லிகன் ஏற்கவில்லை. ஒளி அலை என்பதற்குக் குறுக்கீட்டு விளைவு கண்முன் சான்றாக நிற்கும்போது இப்படிச் சொல்வது துணிச்சலையும் தாண்டிப் போவது என்று அவர் கருதினார். ஆகவே அதைச் சோதித்துவிடத் தீர்மானித்தார். பத்தாண்டுக் காலம் அதற்குச் செலவானது. சோடியம், பொட்டாசியம், லித்தியம் ஆகியவை காற்றுப் பட்டதும் ஆக்சைடு படிந்து கெட்டுவிடும். அதனால் வெற்றிடக் குழாய்க்குள்ளேயே ஒரு கத்தியை வைத்து, வெளியிலிருந்து காந்தத்தால் இயக்கி, உலோகத்தின் மேற்பரப்பைச் சீவிச் சீவி அளந்தார். ஒளியின் அதிர்வெண்ணுக்கு எதிராக, எலக்ட்ரான்களைத் தடுத்து நிறுத்தும் மின்னழுத்தத்தைக் குறித்தால் ஒரு நேர்கோடு கிடைத்தது. கோட்டின் சாய்விலிருந்து பிளாங்க் மாறிலி கிடைத்தது. இன்றைய மதிப்பிலிருந்து ஒரு விழுக்காட்டளவுதான் வேறுபாடு. 1916இல் முடிவுகளை வெளியிட்டபோது, ஐன்ஸ்டைனின் சமன்பாடு மிகச் சரி என்று எழுதினார். அதன் பின்னாலிருந்த கருத்தை அப்போதும் ஏற்கவில்லை என்றும் அதே கட்டுரையில் எழுதினார்.

மாணவர்களே, இந்த நேர்மையைக் கவனியுங்கள். தன் எண்ணத்துக்கு எதிராக வந்த ரீடிங்கை அவர் திருத்தவில்லை. 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு ஐன்ஸ்டைனுக்கு ஒளிமின் விளைவின் விதிக்காகக் கிடைத்ததற்கு, அதை நம்பாத மில்லிகனின் அளவீடு முக்கியமான காரணம். 1923இல் மில்லிகனும் நோபல் பெற்றார். ரெக்கார்டு நோட்டில் ‘விடை இதுதான் வர வேண்டும்’ என்று ரீடிங்கைப் பின்னிருந்து எழுதும் வழக்கம் நம் ஆய்வகங்களில் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று மில்லிகனின் பெயரால் கேட்டுக்கொள்கிறேன்.

சார்பியலுக்கு வருகிறேன். உங்கள் உள்ளங்கையை நீட்டுங்கள். கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் வழியாக நிமிடத்துக்கு ஏறக்குறைய மியூவான் என்னும் துகள் ஒன்று போகிறது. உள்ளங்கை வழியாக வினாடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தின் உச்சியில் மோதும்போது, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறப்பவை இவை. மியூவானின் சராசரி ஆயுள் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அந்த நேரத்துக்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். பத்து கிலோமீட்டர் மேலே பிறந்தது உங்கள் கைக்கு எப்படி வந்தது?

ஒளிவேகத்தில் 0.998 பங்கு வேகத்தில் ஒரு மியூவான் வருகிறது என்று கொள்ளுங்கள். சார்பியல் சமன்பாட்டில் எண்ணைப் போட்டால், நம் கடிகாரத்தின்படி அதன் ஆயுள் 15.8 மடங்கு நீள்கிறது. 660 மீட்டர் 10.4 கிலோமீட்டராகிறது. மியூவானோடு கூடவே பயணம் செய்பவர் ஒருவர் இருந்தால் அவருக்கு ஆயுள் நீளாது; வளிமண்டலம் சுருங்கியிருக்கும். இரண்டு பேரும் ஒரே விடைக்குத்தான் வருவார்கள்: மியூவான் தரையைத் தொடும். காலம் நீளும், நீளம் சுருங்கும் என்று தனித்தனியாக ஐந்து மார்க்குக்குப் படித்தது ஒரே கணக்கின் இரண்டு பக்கம் என்று இங்கே தெரிகிறது.

பாடநூல்களில் இதற்குக் காட்டும் சோதனை 1963இல் அமெரிக்காவில் ஃபிரிஷும் ஸ்மித்தும் செய்தது. வாஷிங்டன் மலையுச்சியில் ஒரு மணி நேரத்தில் சுமார் 560 மியூவான்களை எண்ணினார்கள். காலம் நீளாது என்றால் கீழே கடல்மட்டத்தில் 27 அளவில்தான் வர வேண்டும். வந்தவை 400க்கும் மேல். அந்த மலைக்கும் கடலுக்கும் உயர வேறுபாடு ஏறக்குறைய 1,900 மீட்டர். மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் உள்ள உயர வேறுபாடும் ஏறக்குறைய அதேதான். காலையில் மேட்டுப்பாளையத்தில் எண்ணிவிட்டு மலை ஏறிப்போய் உதகையில் எண்ணலாம். இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு மியூவான் எண்ணியை வாங்கினால், நம் பிள்ளைகள் சார்பியலைத் தங்கள் கையால் சோதிக்க முடியும். நான் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஆசை இது. இந்த மேடையிலும் சொல்லிவைக்கிறேன்.

உதகையில் டாட்டா ஆதார ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று அதன் மேலே கடந்துபோன ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, மியூவான்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே கணித்து 2019இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே கோலார் தங்கவயலில், பூமிக்கடியில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடத்தை 1965இல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சேர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். அந்தச் சுரங்கங்களைத் தோண்டியவர்களில் பெரும் பகுதியினர் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போன தமிழர்கள். இந்தப் பாடம் எங்கோ ஐரோப்பாவில் நடந்து முடிந்த கதை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு மாணவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1928ஆம் ஆண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சுப்ரமணியன் சந்திரசேகருக்கு வயது பதினெட்டு. ஆர்னால்ட் சோமர்ஃபெல்டின் அணுக் கட்டமைப்புப் புத்தகத்தைத் தானாகவே படித்து முடித்திருந்தார். அந்தச் சோமர்ஃபெல்டே சென்னைக்கு வந்தபோது, அவர் தங்கியிருந்த ஓட்டலுக்குப் போய்ச் சந்தித்தார். தான் படித்ததைச் சொன்னார். அந்தப் புத்தகத்துக்குப் பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்றார் சோமர்ஃபெல்டு. ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக், பாலி ஆகியோர் செய்திருப்பதை எடுத்துச் சொன்னார். ஃபெர்மி–டிராக் புள்ளியியலைக் கொண்டு உலோக எலக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதி இன்னும் அச்சாகாதிருந்த கட்டுரையின் புரூஃபையும் கொடுத்தார்.

படித்தது பழையதாகிவிட்டது என்று அந்த நூலை எழுதியவரே சொன்னால், பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? சந்திரசேகர் அந்தப் புரூஃபை வைத்துக்கொண்டு புதிய புள்ளியியலைப் படித்தார். அதைக் காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார். 1929இல் அது லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அப்போதும் அவர் பட்டம் பெற்றிருக்கவில்லை.

1930 ஜூலை 31 அன்று மேற்படிப்புக்காகப் பம்பாயில் கப்பலேறினார். கப்பலில் வெள்ளைக் குறுமீன்களைப் பற்றிய ஒரு கணக்கை எடுத்துக்கொண்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன் எந்த அழுத்தத்தால் தாங்கி நிற்கிறது என்பதை ரால்ஃப் ஃபவுலர் 1926லேயே குவாண்டம் விதியால் விளக்கியிருந்தார். சந்திரசேகர் செய்தது, அதில் எண்களைப் போட்டுப் பார்த்ததுதான். விண்மீனின் நடுவில் எலக்ட்ரான்களின் வேகம் ஒளிவேகத்தை நெருங்குவது தெரிந்தது. அப்படியானால் சார்பியலையும் சேர்க்க வேண்டும். சேர்த்தபோது, ஓர் எல்லைக்கு மேல் நிறையுள்ள விண்மீன் வெள்ளைக் குறுமீனாக நிலைத்திருக்க முடியாது என்று வந்தது. அந்த எல்லையை இன்று சூரியனைப்போல் 1.4 மடங்கு என்கிறோம். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. உங்களில் பலருக்கு இன்று இருக்கும் வயது. நோபல் பரிசு 1983இல் வந்தது.

நவீன இயற்பியல் தாளில் சார்பியல் ஓர் அலகு, குவாண்டம் வேறோர் அலகு. தேர்வில் இரண்டும் ஒரே கேள்வியில் வருவதில்லை. சந்திரசேகரின் கணக்கில் இரண்டும் சந்தித்தன. அதனால்தான் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கடைசி வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்கி, இந்தக் கணக்கின் எளிய வடிவத்தைக் கரும்பலகையில் போடுங்கள். போர்ஷனில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

சந்திரசேகரைப்போலவே, டாக்கா பல்கலைக்கழகத்தில் சத்யேந்திரநாத் போஸும் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தவர். வகுப்பில் நடத்த வேண்டிய பிளாங்க் விதியின் டெரிவேஷன் அவருக்கே நிறைவளிக்கவில்லை. தானே புதிதாகப் போட்டு 1924இல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். அதற்கும் முன்பு, கல்கத்தாவில் இளம் ஆசிரியர்களாக இருந்தபோது, அவரும் மேகநாத் சாஹாவும் ஜெர்மன் மொழி கற்று, ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். 1920இல் அது நூலானது. மொழி தெரியவில்லை என்று பாடத்தை விட்டுவிடாதவர்கள் அவர்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்து ஆங்கிலப் புத்தகத்தின் முன் திணறும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். தேர்வை எந்த மொழியிலும் எழுதுங்கள். ஆனால் கணக்கைத் தமிழில் யோசியுங்கள். குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று தமிழில் கேட்டதால்தான் அந்த இரண்டரை நிமிடம் எனக்கு விளங்கியது.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். காம்ப்டன் விளைவின் டெரிவேஷனைப் பத்து மார்க்குக்குக் கேட்கிறோம். அதை ஒரு வரி தவறாமல் எழுதிய மாணவியிடம், “அலைநீள மாற்றம் எவ்வளவும்மா? பார்வை ஒளியை வைத்தே இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?” என்று வாய்மொழித் தேர்வில் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கேள்வி கேட்டுப் பழக்காதது நாங்கள். அந்தப் பிழை எங்களுடையது. 90 பாகையில் மாற்றம் 0.0024 நானோமீட்டர். 500 நானோமீட்டர் பச்சை ஒளியில் இது இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. காம்ப்டன் எக்ஸ் கதிரை ஏன் எடுத்தார் என்பது இந்த ஓர் எண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு டெரிவேஷனுக்குப் பின்னாலும் எண் போடும் ஒரு சிறு கேள்வியைக் கட்டாயமாக்க வேண்டும். பாடத்திட்டக் குழுவில் இருப்போர் இதற்கு மனம் வைக்க வேண்டும்.

இன்று காலை உங்கள் ஆய்வகத்தைப் பார்த்தேன். போட்டோ செல் பழுதாகியிருக்கிறது. ஆனால் சிவப்பு, பச்சை, நீல எல்.இ.டி. விளக்குகள் ஒரு டப்பாவில் இருக்கின்றன. பேட்டரி, ரியோஸ்டாட், வோல்ட்மீட்டர் எல்லாம் இருக்கின்றன. சிவப்பு எல்.இ.டி.யில் மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றிப் பார்த்தேன். 1.8 வோல்ட்டில் ஒளி தெரிந்தது. அலைநீளம் 630 நானோமீட்டர். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை 1.8ஆலும் அலைநீளத்தாலும் பெருக்கி ஒளிவேகத்தால் வகுத்தேன். 6.05 × 10⁻³⁴ வந்தது. பிளாங்க் மாறிலி 6.63 × 10⁻³⁴. ஒன்பது விழுக்காடு குறைவு. ஏன் குறைகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. மூன்று நிறத்துக்கும் செய்து, கோடு வரைந்து, சாய்வை எடுத்துப் பாருங்கள். வந்த எண்ணை வந்தபடியே எழுதுங்கள். நாளை காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்தைத் திறந்துவைக்கத் துறைத்தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நானும் வருகிறேன்.